கல்திட்டையை 3டியில் பதிவு செய்வது: மூடுகல் ஏன் மிதக்கிறது? (பழனி மலை, நீலகிரி)

#1 கீழ்மலைக் காப்பி

கீழ்மலையில் [இடக்குறிப்பு நீக்கப்பட்டது – நெறியாளர்] ஒரு பாறை மேட்டில் ஐந்து கல்திட்டைகள் (பலகைக் கற்களைப் பக்கங்களில் நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பழங்கால ஈமச்சின்னங்கள்). இரண்டு முழுசாக நிற்கின்றன. ஒன்றில் மூடுகல் சரிந்து கிடக்கிறது. மற்ற இரண்டில் பக்கக்கல் மட்டும்தான் மிச்சம். பெரியது ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம் இருக்கும்.

போன் ஆப்பில் சுற்றி வந்து 60 படம் எடுத்து ஏற்றினால் பக்கக்கல் அருமையாக வருகிறது. மூடுகல் மட்டும் ஒரு சாண் மேலே மிதக்கிறது. உள்பக்கம் கரி அப்பின மாதிரி. அளவும் நிலையில்லை: ஒரு தடவை 1.4 மீட்டர் என்கிறது, அடுத்த தடவை 1.7.

கையில் இருப்பது: 50 மெகாபிக்சல் போன், 18–55 லென்ஸோடு பழைய டிஎஸ்எல்ஆர், 16 ஜிபி ரேம் லேப்டாப், 4 ஜிபி என்விடியா கார்டு. 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட ஆங்லேட் – நியூட்டன் அறிக்கையில் பழனி மலைக் கல்திட்டைகளின் விவரம் இருக்கிறது. அதையும் இன்றைய நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நோக்கம். எங்கே தப்புகிறது?

#2 முக்கோணம்

மூடுகல் மிதப்பதற்குக் காரணம் ஆப் இல்லைங்க, பாலம் இல்லாததுதான். ஒரே புள்ளி குறைந்தது மூன்று படத்திலாவது தெரிந்தால்தான் மென்பொருள் அதை நம்பும். நீங்கள் இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று எடுத்திருப்பீர்கள், பிறகு கையைத் தூக்கி மேலிருந்து நாலு படம். அந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு விளிம்பும் இல்லை. அதனால் மூடுகல்லைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு உத்தேசமாக எங்கேயோ வைத்துவிடுகிறது.

உங்கள் அளவுக் கல்திட்டைக்கு இப்படி எடுங்கள்:

முட்டி உயரம், நெஞ்சு உயரம், தலைக்கு மேல் என மூன்று சுற்று. ஒவ்வொன்றிலும் 10 டிகிரிக்கு ஒரு படம், அதாவது சுற்றுக்கு 36, மொத்தம் 108. மேல் சுற்றுக்குக் கேமராவை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, மூடுகல்லின் மேல்முகமும் பக்கக்கல்லின் மேல்பாதியும் ஒரே படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். இதுதான் பாலம். பிறகு நேர் மேலிருந்து மூடுகல்லுக்கு 15, 20 படம். ஒரு மீட்டர் உயரக் கல்லுக்கு ஏணி வேண்டாம், மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கி) போனை மாட்டி டைமர் வைத்தால் போதும். கல் மேல் மட்டும் ஏறாதீர்கள்.

உள்ளே 20லிருந்து 30. வெளியிலிருந்து வாசல் வழியாகப் பார்க்கும் படத்தில் தொடங்கி, ஒவ்வொரு அடியாக உள்ளே நகர்ந்து, திரும்பி வெளியே வரும் வரை தொடர்ச்சி அறுந்துபோகக் கூடாது. ஆக 150 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு படத்துக்கும் 70–80 விழுக்காடு பொதுவாக இருக்கட்டும்.

போன் என்றால் 1எக்ஸ் லென்ஸ் மட்டும். அகலக்கோண லென்ஸ் விளிம்பை வளைக்கும், அதைத் திருத்துகிறேன் என்று போனே படத்தை இழுத்துவிடும். எச்டிஆர், ‘ஏஐ காட்சி’, போர்ட்ரெய்ட் எல்லாம் அணைத்துவிடுங்கள். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 12 மெகாபிக்சலில் எடுத்தாலே ஒரு பிக்சல் கல்லில் அரை மில்லிமீட்டர்தான். 50 மெகாபிக்சல் தேவையே இல்லை, கோப்புதான் வீங்கும்.

டிஎஸ்எல்ஆர் என்றால் 18இல் அல்லது 24இல் வைத்து ஜூம் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நடுவில் ஜூம் நகர்ந்தால் மென்பொருள் அதை இன்னொரு லென்ஸாகக் கணக்கிட வேண்டிவரும்.

#3 மேல்மலைப் பூண்டு

முக்கோணம் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மலையில் வெளிச்சம்தான் பாதி வேலை. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பளீர் வெயில் வேண்டாம். நிழல் விளிம்பை மென்பொருள் கல் விளிம்பு என்று எடுத்துக்கொள்ளும். அரைமணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும், முதல் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் ஒட்டாது. மெல்லிய மேகம் போர்த்திய காலைதான் தங்கம். 9லிருந்து 11க்குள் முடித்துவிட வேண்டும், பிற்பகலில் மஞ்சு ஏறிவிடும். மஞ்சில் ஆட்டோ ஃபோகஸ் அலையும், லென்ஸில் நுண்துளி படியும். பார்த்தால் தெரியாது, 40 படம் மசமசவென்று போயிருக்கும். பத்துப் படத்துக்கு ஒரு தடவை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கல் நனைந்திருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுவதே நல்லது. ஈரக்கல் பளபளக்கும், நீங்கள் நகர நகரப் பளபளப்பும் நகரும். அந்த இடத்தில் மாடலில் பள்ளமும் மேடுமாக வரும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அதிகம், அதனால் அக்டோபர், நவம்பரை விட்டுவிடுங்கள். ஜனவரி நல்லது, பனி காய்ந்த பிறகு. பிப்ரவரிக்கு மேல் காட்டுத் தீ காலம், வனத்துறை உள்ளே விடாது. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. உங்கள் மேடு அதன் எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் அனுமதி வாங்காமல் முக்காலியைக்கூட விரிக்க முடியாது. டிரோன் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று, புல். காற்றில் ஆடும் புல்தான் பெரிய எதிரி. கல்லைச் சுற்றிப் புல் இடுப்பளவு இருந்தால் கீழ்ச்சுற்று ஒட்டவே ஒட்டாது. புல்லை வெட்டுவதா என்று கேட்காதீர்கள். வேரோடு பிடுங்கினால் அடியில் இருக்கும் பானை ஓடு கிளறிக்கொண்டு வரும். மேய்ச்சல் முடிந்து புல் படுத்திருக்கும் மாதமாகப் பார்த்துப் போங்கள்.

#4 கோத்தகிரி எழுத்து

பாசியையும் கல்பூவையும் (லைக்கன்) சுரண்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்பூ வெறும் மேல்பூச்சு இல்லை, அதன் இழை கல்லின் மணிகளுக்கு நடுவே இறங்கியிருக்கும். கம்பி பிரஷ் போட்டால் கல்லின் தோலும் சேர்ந்து உரியும். 3டி வேலைக்குக் கல்பூ உண்மையில் உதவிதான், அந்த வெள்ளைப் புள்ளிகள்தான் மென்பொருளுக்கு அடையாளம். சாக்பீஸ், மஞ்சள், எண்ணெய், தண்ணீர் எதுவும் கல்லில் படக் கூடாது.

(பழனி மலைக் கல் பெரும்பாலும் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து வைத்த பெயர். அந்தக் கல் நம் பல்லாவரத்திலிருந்து போனது. கருத்த கல் என்பதால் போன் ‘இருட்டு’ என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், வானம் வெளுத்துப் போகும். கல்லின் மேலேயே வெளிச்ச அளவு எடுத்துப் பூட்டுங்கள். வானம் போனால் போகட்டும்.)

#5 முழக்கோல்

அளவு விஷயத்துக்கு வருகிறேன். 1.4, 1.7 என்று ஆடுவது ஏனென்றால், உங்கள் ஆப் அளவைப் போனின் அசைவு உணரியிலிருந்து ஊகிக்கிறது. படத்தை மட்டும் வைத்து எந்த மென்பொருளாலும் அளவு சொல்ல முடியாது. தீப்பெட்டியும் கல்திட்டையும் அதற்கு ஒன்றுதான். காட்சிக்குள் தெரிந்த நீளம் ஒன்று கிடக்க வேண்டும்.

செய்முறை: ஹார்டுவேர் கடையில் ஒரு அங்குல அகல அலுமினியப் பட்டை, 60 செ.மீ. துண்டாக மூன்று. மென்பொருளே அச்சிட்டுத் தரும் குறியட்டைகளை மேட் வினைல் ஸ்டிக்கரில் அச்சிட்டு இரண்டு முனையிலும் ஒட்டுங்கள். காகிதம் வேண்டாம், மலை ஈரத்தில் ஊறி நீளும். லேமினேஷனும் வேண்டாம், பளபளப்பில் குறி மறைந்துவிடும். ஒட்டிய பிறகு எஃகு அளவுகோலால் மையத்திலிருந்து மையம் வரை அளந்து, 500.0 என்றோ 499.5 என்றோ பட்டையின் பின்னாலேயே எழுதிவிடுங்கள். 500 வர வேண்டும் என்று ஒட்டியிருக்கலாம், எழுத வேண்டியது அளந்தபோது வந்ததை.

தரையில் ஒன்று படுக்கையாக, ஒன்று செங்குத்தாகச் சாய்த்து, மூன்றாவது எதிர்ப் பக்கம். கல்லில் முட்டுக் கொடுக்க வேண்டாம், சின்ன முக்காலியில் கட்டுங்கள். இரண்டை வைத்து அளவு கொடுங்கள். மூன்றாவதுக்கு எதுவும் கொடுக்காமல் மென்பொருளையே கேளுங்கள். அரை மீட்டருக்கு 1 மி.மீ. தப்பினால் நல்ல வேலை, 2 வரை பொறுக்கலாம். 5 தப்பினால் எங்கோ படம் வளைந்திருக்கிறது. ஒரே தூரத்திலிருந்து நேர்நேராக மட்டும் எடுத்தால் கிண்ணம் மாதிரி வளையும். சாய்வாகச் சில படம் சேர்த்தால் சரியாகும்.

பழைய அறிக்கை அடி, அங்குலத்தில் பேசும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. 4 அடி 6 அங்குலம் என்றால் 1371.6. ஆனால் பழைய அளவை அந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை நம்பாதீர்கள். பலகைக்கல்லின் எந்த முனையிலிருந்து எந்த முனை வரை நாடா பிடித்தார்கள் என்று தெரியாது. அரை அங்குல வித்தியாசம் கல் நகர்ந்ததற்குச் சாட்சி ஆகாது, அரை அடி என்றால் யோசிக்கலாம். கல் நகர்கிறதா என்று உண்மையிலேயே தெரிய வேண்டுமானால், இன்றைக்கு ஒரு மாடல், இரண்டு மழை கழித்து இன்னொன்று. இரண்டையும் கிளவுட்கம்பேரில் (3டி மாடல்களை ஒப்பிடும் மென்பொருள்) ஏற்றி, நகராத அடிப்பாறையை வைத்துப் பொருத்தி, கல்லின் வித்தியாசத்தைப் பாருங்கள். கல்லை வைத்தே பொருத்தினால் நகர்ந்தது மறைந்துபோகும்.

#6 கண்ணாடிப்பூ

இவ்வளவு பாடு எதற்கு? இப்போதெல்லாம் காசியன் ஸ்ப்ளாட் (படங்களிலிருந்து 3டி காட்சி செய்யும் புது முறை) இருக்கிறதே, 2023லிருந்து. போனில் வீடியோ எடுத்துப் போட்டால் புல், பாசி, மஞ்சு எல்லாம் அப்படியே வருகிறது. உடைந்த இரண்டையும் ஏஐ வைத்து முழுசாக்கிவிட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும். 1928 அறிக்கை எல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?

#7 முழக்கோல்

ஸ்ப்ளாட் பார்க்க அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் பரப்பே கிடையாது, நிறமுள்ள மங்கல் புள்ளிகளின் கூட்டம் அது. அதில் நாடா பிடித்து அளக்க முடியாது. 2040இல் ஒருவர் ‘மூடுகல் எத்தனை டிகிரி சாய்ந்திருந்தது’ என்று கேட்டால் பதில் இருக்காது. இரண்டுக்கும் ஒரே படங்கள்தான் தேவை. ஒழுங்காகப் படம் எடுங்கள், பிறகு ஸ்ப்ளாட்டும் செய்துகொள்ளுங்கள்.

#8 கோத்தகிரி எழுத்து

உடைந்ததை முழுசாக்குவது பற்றி: செய்யலாம், தனிக் கோப்பில், வேறு நிறத்தில், ‘இது ஊகம்’ என்று எழுதி. மரபுச் சின்னங்களைக் கணினியில் காட்டுவதற்கான 2009இன் லண்டன் சாசனம் சொல்வதும் இதுதான்: எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். மூலத்தோடு கலந்தால் அடுத்தவர் அந்த ஊகத்தை அளந்து கட்டுரை எழுதிவிடுவார்.

இதில் ஆபத்து ஏஐ மட்டுமில்லை. பல ஆப்கள் ஓட்டையை அடைப்பதைத் தாமாகவே செய்கின்றன. இடுதுளை (பலகைக்கல்லில் வெட்டிய துளை) உள்ள கல்திட்டையாக இருந்தால் அந்த வட்டத் துளையையே ‘குறை’ என்று நினைத்து வழவழவென்று மூடிவிடும். கல்திட்டையிலேயே முக்கியமான உறுப்பு போய்விட்டது, மாடல் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஓட்டை அடைப்பு, வழவழப்பாக்கல் இரண்டையும் அணைத்து வையுங்கள். படம் விழாத இடம் மாடலில் ஓட்டையாகவே இருக்கட்டும்.

#9 கண்ணாடிப்பூ

சரி, இடுதுளை விஷயம் நியாயம். நம்ம பக்கம், நீலகிரியில், கல்திட்டையிலேயே உருவம் செதுக்கி இருக்கிறதே, பாணகுடி சோலை, மேலூர். அதெல்லாம் தேய்ந்து கண்ணுக்கே தெரிவதில்லை. 3டியில் வருமா?

#10 கோத்தகிரி எழுத்து

வரும், ஆனால் அரைகுறையாக. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் எழுதி, அவர் இறந்த பிறகு 1873இல் வெளிவந்த நூலிலேயே இந்தச் செதுக்குக் கற்கள் பேசப்படுகின்றன. ஒன்றரை நூற்றாண்டு மழைக்குப் பிறகு இன்று புடைப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, போன் மாடலில் அது இரைச்சலுக்குள் மறைந்துவிடும். அதற்கு வேறு முறை: கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் நகர்த்துவது. ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங், சுருக்கமாக ஆர்டிஐ என்பார்கள். எச்பி ஆய்வகத்தில் 2001இல் வந்த யோசனையிலிருந்து வளர்ந்தது.

60 செ.மீ. கல் என்று வையுங்கள். கேமராவை முக்காலியில் நேர் எதிரே பூட்டுங்கள், தொடாமல் ரிமோட்டில் கிளிக். விளக்கு கல்லிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், கல்லின் நீளத்தைப் போல மூன்று நான்கு மடங்கு, அதாவது 2 மீட்டர். ஃபிளாஷில் 2 மீட்டர் நூலைக் கட்டி, உதவியாளர் நூல் முனையைக் கல்லின் நடுவுக்கு நேரே (படாமல்) பிடித்து, நூலை விட்டதும் கிளிக். கடிகார முள் மாதிரி 12 திசை. ஒவ்வொரு திசையிலும் 15, 30, 45, 65 டிகிரி என 4 உயரம். ஆக 48 படம்.

ஒவ்வொரு படத்திலும் விளக்கு எங்கே இருந்தது என்று மென்பொருளுக்குச் சொல்வது ஒரு கருப்புப் பளபளப்புப் பந்து. அதில் விழும் வெள்ளைப் புள்ளியை வைத்து அது கணக்குப் போடும். பந்து படத்தில் 250 பிக்சலாவது இருக்க வேண்டும். 80 செ.மீ. அகலக் காட்சி, 4000 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 5 பிக்சல். ஸ்னூக்கர் கருப்புப் பந்து 52.5 மி.மீ., 262 பிக்சல் வரும். கச்சிதம். (ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டிய ஊர் ஊட்டி. பந்துக்குப் பஞ்சம் இருக்காது என்று நம்புவோம்.) கல்லின் இரு பக்கமும் இரண்டு பந்து வையுங்கள், ஒன்று நகர்ந்தால் இன்னொன்று காப்பாற்றும்.

இதை இருட்டில் செய்யச் சொல்வார்கள். தேயிலைக் காட்டில் இருட்டில் காட்டுமாடு நிற்கும், செய்யாதீர்கள். பகலிலேயே கருப்புத் துணிப் பந்தல் போட்டு, ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/200இல் வைத்தால் ஃபிளாஷ் இல்லாத படம் கருப்பாக வர வேண்டும். வந்தால் போதும். படங்களை ரிலைட்லேப் என்ற ஆர்டிஐ மென்பொருளில் ஏற்றிவிட்டு மவுஸை நகர்த்தினால், விளக்குத் தாழும்போது வாளேந்திய கை எழுந்து வரும்.

மைப்படியைக் கைவிடச் சொல்லவில்லை. நனைந்த தாளைத் தூரிகையால் அடித்து எடுக்கும் படி ஒன்றுக்கு ஒன்று அளவில் கிடைக்கும், கல்வெட்டுப் படிப்பவருக்கு இன்றும் அதுதான் கைக்கு வசம். ஆனால் மை கசிந்தால் கல்லோடு போச்சு, அனுமதியும் பயிற்சியும் வேண்டும்.

எண்ணெய் பூசி வழிபாட்டில் இருக்கும் வீரக்கல் என்றால் ஆர்டிஐ தோற்கும், பளபளப்பு ஏமாற்றும். எல்இடி முன் ஒரு போலரைசர் தகடு, லென்ஸில் இன்னொன்று, இரண்டும் 90 டிகிரி குறுக்காக. பளபளப்பு அணைந்துவிடும். எண்ணெயைத் துடைத்துவிடலாமா என்று நினைக்கவே கூடாது. அது அந்த ஊரின் கல். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன நாளில், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

கரிக்கியூர் பாறை ஓவியம் மாதிரி நிறம் மங்கியது என்றால் டிஸ்ட்ரெச், மங்கிய நிறத்தைத் தூக்கிக் காட்டும் மென்பொருள். செம்மண் நிறத்துக்கு அதில் எல்ஆர்இ என்ற அமைப்பு. ரா கோப்பில் (கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பு) எடுங்கள். ஜேபெக்கில் எடுத்தால் ஓவியத்தோடு சேர்த்து ஜேபெக்கின் கட்டங்களும் எழுந்து நிற்கும், அதையும் ‘வலை ஓவியம்’ என்று படித்துவிடுவோம்.

#11 கீழ்மலைக் காப்பி

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம்: பழைய சர்வே வரைபடத் தாளைக் கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால் எல்லாக் குறியும் கிழக்கே கிலோமீட்டர் கணக்கில் தள்ளி விழுகிறது. ஓரத்தில் அச்சிட்ட தீர்க்கரேகையைத்தான் கொடுத்தேன்.

#12 பழைய தாள்

நாலரை கிலோமீட்டர் தள்ளுகிறதா? அப்படியானால் தப்பு உங்களுடையது இல்லை, சென்னை வானாய்வகத்துடையது. அந்தக் காலத்தில் இந்தியாவின் தீர்க்கரேகை எல்லாம் அங்கிருந்துதான் கணக்கு. முன்பு அதை 80° 17′ 21″ என்று வைத்திருந்தார்கள், பிறகு 2′ 27″ அதிகம் என்று தெரிந்தது. பழைய தாள்கள் பலவற்றில் ஓரத்தில் பொடி எழுத்தில் இந்தத் திருத்தம் அச்சாகியிருக்கும். நம் அட்சரேகையில் ஒரு கலை (1′) 1.83 கி.மீ., ஆக 4.5. கழித்துவிட்டு ஏற்றுங்கள். அதற்கு மேல் பழைய தாள்கள் பூமியின் வடிவமாக வைத்த எவரெஸ்ட் கோளவுருவுக்கும் இன்றைய ஜிபிஎஸ் வைக்கும் டபிள்யூஜிஎஸ் 84க்கும் உள்ள மாற்றமும் உண்டு.

அதைவிட நல்லது, ரேகையை விட்டுவிட்டு நிலத்தில் நிலையான புள்ளிகளைப் பிடிப்பது. ஓடைகள் சேருமிடம், பழைய தேவாலயம், பாலம். சாலை வளைவு வேண்டாம், சாலை மாறியிருக்கும். கொடைக்கானல் ஏரி 1863இல் வந்தது, வானாய்வகம் 1899இல். அதற்கு முந்தைய தாளில் இவற்றைத் தேடி நேரம் போக்காதீர்கள். தாளை நிலத்தோடு பொருத்தும் கணக்கில், முதல்படிப் பல்லுறுப்புக்கு 3 புள்ளி, இரண்டாம்படிக்கு 6, மூன்றாம்படிக்கு 10 என்பது குறைந்தபட்சம். இரண்டு மடங்கு எடுங்கள். தாளை ரப்பர் மாதிரி இழுத்துப் பொருத்தும் ‘தின் பிளேட்’ முறையைப் போட்டால் பிழை பூஜ்யம் என்று காட்டும். சந்தோஷப்படாதீர்கள், புள்ளி இருக்குமிடத்தில் மட்டும்தான் அது பூஜ்யம்.

பழைய புகைப்படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் இதே கதைதான். முன்னால் இருந்த புல்வெளி இன்று சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன். மலை முகட்டுக் கோட்டைத்தான் பிடிக்க வேண்டும். அருகில் உள்ள பாறை முனை ஒன்று, தூரத்து முகடு ஒன்று, இரண்டும் படத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கும் கோட்டில் நில்லுங்கள். அப்படி இன்னொரு சோடி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் அந்த முக்காலி நின்றது.

#13 நெறியாளர்

முதல் பதிவிலும் இரண்டு பதில்களிலும் இருந்த இடக்குறிப்பை எடுத்துவிட்டேன். புதையல் தோண்டுகிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள். ஏற்கெனவே அறியப்பட்ட பேத்துப்பாறை, பாணகுடி போன்றவற்றைப் பெயரோடு பேசலாம். மற்றதற்கு ஊர்ப்பெயர்கூட வேண்டாம். மாடல் ஏற்றும் முன் படத்துக்குள் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ்ஸையும் நீக்குங்கள், அதற்கு எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் போதும். மூலப் படத்தில் நீக்காதீர்கள், பகிரும் நகலில் மட்டும்.

#14 சூரியத்தட்டு

நீக்குவது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தில் 1904லிருந்து சூரியனைக் கண்ணாடிப் புகைப்படத் தட்டிலும் ஃபிலிமிலும் தினசரி எடுத்து வந்தார்கள். எவர்ஷெட் விளைவு (சூரியப்புள்ளியில் வாயு வெளிப்பக்கம் பாய்வது) 1909இல் அங்கேதான் கண்டறியப்பட்டது. அந்தத் தொகுப்பை 4096க்கு 4096 பிக்சல், 16 பிட் ஆழத்தில் டிஜிட்டலாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தரவை வைத்து வேலை செய்தவர்களுக்குத் தலைவலி கொடுத்தது பூஞ்சையோ கீறலோ மட்டுமில்லை. எந்தப் பக்கம் வடக்கு, எத்தனை மணிக்கு எடுத்தது என்பவையும்தான். தட்டைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்தால் சூரியப்புள்ளி கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விடும். நேரம் தப்பினால் வடக்கு திரும்பிவிடும். அதிலும் இந்திய நேரம் 1906இல்தான் வந்தது. அதற்கு முந்தைய குறிப்பில் எந்த ஊர் நேரம் என்று பார்க்காமல் ஐந்தரை மணியைக் கழித்துவிடக் கூடாது.

கல்திட்டைக்கும் அதேதான். மாடலோடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு: தேதி, நேரம், கேமரா, லென்ஸ், அளவுப் பட்டையின் நீளம், வடக்கு எப்படிப் பார்த்தீர்கள், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு, எத்தனை படம் எடுத்து எத்தனை ஒட்டின. யூனிகோடில் எழுதுங்கள், பழைய தமிழ் எழுத்துருவில் எழுதி அடுத்த தலைமுறையைச் சோதிக்க வேண்டாம்.

150 ரா படம் தலா 25 எம்பி என்றால் 3.75 ஜிபி. ஐந்துக்கும் 20 ஜிபிக்குள் முடிந்துவிடும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று மலைக்குக் கீழே. ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) எழுதி வைத்து, வருடம் ஒரு தடவை சரிபாருங்கள். மாடல் போனால் திரும்பச் செய்யலாம், படம் போனால் முடியாது. புள்ளித் தொகுப்பை பிஎல்ஒய் ஆகவும், நிறப்பரப்போடு ஓபிஜே ஆகவும் வையுங்கள். ஆப் கம்பெனி மூடிவிட்டாலும் திறக்கும்.

#15 கீழ்மலைக் காப்பி

இரண்டாவது சுற்று முடிந்தது. டிஎஸ்எல்ஆர், 24இல் டேப் போட்டு, 152 படம். மெஷ்ரூம் என்ற 3டி மென்பொருளில் ஏற்றினேன், 148 ஒட்டின. மூடுகல் உட்கார்ந்துவிட்டது. 4 ஜிபி கார்டு மூச்சு வாங்கியது, ஆழ வரைபடத்தில் அளவைப் பாதியாக்கிய பிறகு ஓடியது. சோதனைக் கோல் (அளவு கொடுக்காமல் விட்ட மூன்றாவது பட்டை) 500க்கு 501.1 என்கிறது.

ஒரே குறை: உள்ளே தரை இரண்டு அடுக்காக வருகிறது, நடுவில் மூன்று விரல் இடைவெளி. விளக்கு எல்இடி பேனல், கேமரா மேலேயே மாட்டியிருந்தது.

#16 முக்கோணம்

விளக்கு கேமராவோடு நகர்ந்தால் நிழலும் நகரும். அது ஒரு காரணம். உள்ளே விளக்கை ஒரு மூலையில் நிறுத்தி, முன்னால் வெள்ளைத் துணி போட்டு மங்கலாக்கி, அசைக்காமல் எடுங்கள். ஆனால் மூன்று விரல் இடைவெளி நிழலால் மட்டும் வராது. தரையில் சருகு இருக்கிறதா?

#17 கீழ்மலைக் காப்பி

நிறைய.

#18 முக்கோணம்

அப்போது முட்டி போட்டு நகர்ந்த இடத்தில் சருகு அமுங்கியிருக்கும். அமுங்குவதற்கு முன் எடுத்த படம் ஒரு தரை, பின் எடுத்தது இன்னொரு தரை. பெருக்கிவிட்டு எடுக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள், அந்தச் சருகுக்கு அடியில் இருப்பது தொல்லியல் துறைக்கான வேலை. இருக்கிற படத்திலேயே முட்டி பட்ட பின் எடுத்தவற்றில் தரையை மட்டும் மாஸ்க் போட்டு மறையுங்கள். சுவர் இருக்கட்டும். அடுத்த தடவை உள்ளே போகாமல் மோனோபாடை வாசல் வழியாக நீட்டி எடுங்கள்.

#19 கீழ்மலைக் காப்பி

11 படத்தில் மாஸ்க் போட்டு மறுபடி ஓட்டினேன். ஒரே தரை. சோதனைக் கோல் 500.6. மூடுகல்லின் அடிப்பக்கத்தில் கை அகலத்துக்குப் படம் விழாத ஓட்டை இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டு எழுத்துக் கோப்பில் குறித்துவிட்டேன்.